அரசிழந்த நாடும் அதன் போரோவியமும்

பரணி, வென்ற வேந்தனைப் போற்றி எழுவது. அரசிழந்த மக்கள் தம் பழைய வெற்றியை நினைந்து படைக்கும் போர்க்கலையோ வேறு இயல்பினது. அதன் ஆற்றலையும் அதன்கண் உறையும் இடரையும் அறிதற்கு, போலந்து ஓவியர் யான் மத்தெய்க்கோ 1878ஆம் ஆண்டில் வரைந்து முடித்த ‘குருன்வால்ட் போர்’ என்னும் ஓவியம் ஏற்ற சான்றாகும்.

இரசியா, புரூசியா, அவுஸ்திரியா ஆகிய பேரரசுகள் 1772க்கும் 1795க்கும் இடையிற் போலந்தை முற்றாகப் பங்கிட்டுக்கொண்டன. 1863இல் இரசிய ஆட்சியை எதிர்த்தெழுந்த கிளர்ச்சியும் அடக்கப்பட்டது. வாளால் மீட்க இயலாத நாட்டை அம்மக்கள் கவிதையிலும் ஓவியத்திலும் பேணினர். தேசியப் புனைவியல் என்று கலைவரலாற்றார் கூறும் நெறி இத்தகைய ஏக்கத்திலே வேரூன்றி வளர்ந்தது.

அவுஸ்திரிய ஆட்சிக்குட்பட்ட கிராக்கோவ் நகரில் வாழ்ந்த மத்தெய்க்கோ, 1410ஆம் ஆண்டு யூலை 15ஆம் நாள் போலந்தும் லித்துவேனியாவும் கூடித் தியூத்தோனிய வீரத்துறவியரை முறியடித்த போரைத் தம் பொருளாகக் கொண்டார். ஓவியத்தின் அகலம் ஏறத்தாழப் பத்து மீற்றர். உயரம் நான்கு மீற்றருக்கும் மேல். செந்நிற ஆடையுடன் வாளை உயர்த்தி நடுவே நிற்பவன் லித்துவேனியக் கோமகன் விட்டவுத்தாஸ். போலந்து மன்னன் யகைலோவோ பின்னணியிற் சிறிதாகவே தோன்றுகிறான். வெண்போர்வை அணிந்த பகைத்தலைவனை வீழ்த்துவோர் கவசமற்ற காலாட்கள். ஆகவே, வெற்றி மன்னனுக்கு மட்டும் உரியதன்று. மக்களுக்கும் உரியது என்னும் கருத்துப் புலனாகிறது. அன்றைய போரில் வெவ்வேறு வேளைகளில் நிகழ்ந்தவற்றை ஒரே கணத்தில் திரட்டினார் என்று குறை கூறுவாரும் உளர். எனினும் ஓவியர் நாடியது நாட்குறிப்பன்று, நாட்டின் நெஞ்சுரமே.

அவ்வாண்டே கிராக்கோவ் நகரத்தார் அவருக்குச் செங்கோல் ஒன்றை அளித்துச் சிறப்பித்தனர். அரசனில்லா நாடு ஓவியனுக்குக் கோல் ஈந்தது!

ஆயினும் அதே நினைவு எதிர்த்தரப்பிலும் கனன்றது. 1914இல் இரசியப் படையை வென்ற ஜேர்மானியர், 1410ஆம் ஆண்டுத் தோல்விக்கு ஈடாக அவ்வெற்றிக்குத் ‘தன்னன்பேர்க்’ என்று பெயரிட்டனர். பழைய போருக்கு அவர்கள் வழங்கிய பெயரும் அதுவே. இரண்டாம் உலகப் போரில் அவர்கள் இவ்வோவியத்தைத் தேடியலைந்தனர். போலந்து மக்கள் அதனை லுப்லின் நகர்ப்புறத்தில் மண்ணுள் மறைத்துக் காத்தனர். இன்று அது வார்சோ தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது.

பழம்போரின் நினைவு நலிந்தோர்க்கு ஊன்றுகோல். வலியோர் கையிற் பழிவாங்கும் படைக்கலம். ஆதலின், போரோவியத்தைக் காணும் மாணவர், “வென்றவர் யார்?” என்பதோடு அமையாது, “இந்நினைவு இன்று எவர் கையில், எதன்பொருட்டு உளது?” என்றும் வினவுதல் வேண்டும்.