கிள்ளான் துறைமுகம்: சதுப்பு நிலத்தில் எழுந்த நுழைவாயில்

தோட்டத்து ஆலையிலிருந்து செம்பனை எண்ணெய் ஏற்றிச் செல்லும் லாரி எங்கே போகிறது என்று பிள்ளைகள் கேட்டால், "துறைமுகத்துக்கு" என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுகிறோம். அந்தத் துறைமுகம் எவ்வாறு உண்டாயிற்று, அதற்கு எத்தனை உயிர்கள் விலையாயின என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. சிலாங்கூர்த் தோட்டங்களின் வரலாறும் கிள்ளான் துறைமுகத்தின் வரலாறும் பிரிக்க இயலாதவை. ஆகவே அதனை இவ்விதழில் சற்று விரிவாகக் காண்போம்.

கோலாலம்பூரில் தோண்டப்பட்ட ஈயம் கடலுக்கு வந்து சேர வேண்டியிருந்தது. அதன்பொருட்டு 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை இருப்புப் பாதை போடப்பட்டது. 1890இல் ஆற்றின் மீது பாலம் அமைத்து அதனைக் கிள்ளான் நகர் வரை கொண்டுவந்தனர். அந்நாளில் துறை என்பது ஆற்றங்கரையிலிருந்த பங்காலான் பத்துவேயாகும். கிள்ளான் ஆறோ வளைந்து வளைந்து செல்வது, ஆழமும் போதாது. பெரிய கப்பல்கள் உள்ளே வர இயலவில்லை. எனவே ஆற்று முகத்துவாரத்திலேயே புதிய துறைமுகம் ஒன்றைக் கட்டத் தீர்மானித்து, 1899இல் இருப்புப் பாதையை அங்கு நீட்டினர்.

வகுப்பறையில் நாட்டு வரைபடத்தைத் தொங்கவிட்டுப் பாடம் நடத்திய பழக்கத்தினால் சொல்கிறோம்: வரைபடம் கையிலிருந்தால் இவ்விடத்தை ஒருமுறை பாருங்கள். கிள்ளான் தீவு, லுமுட் தீவு, கேரித் தீவு, நண்டுத் தீவு எனப் பொருள்படும் கெத்தாம் தீவு ஆகியவை முகத்துவாரத்துக்கு முன்னே வேலி போல் நிற்கின்றன. மலாக்கா நீரிணையின் அலைகளும் காற்றும் நேராக வந்து தாக்குவதில்லை. இயற்கை கட்டிய இந்த வேலியே துறைமுகத்தின் முதல் செல்வம் எனலாம்.

ஆனால் அதே இயற்கை இன்னொன்றையும் அங்கே வைத்திருந்தது. 1901ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 15ஆம் நாள், ஐக்கிய மலாய் மாநிலங்களின் தலைமை ரெசிடெண்டாக விளங்கிய பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயர் சூட்டப்பட்டுத் துறைமுகம் திறக்கப்பட்டது. சில வாரங்களுக்குள் வேலையாட்களும் அலுவலர்களும் ஒருவர் பின் ஒருவராக மலேரியாக் காய்ச்சலில் விழுந்தனர். கப்பலில் வந்தோரையும் அது விடவில்லை. பெரும் பொருட்செலவில் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாம் என்ற பேச்சே எழுந்தது.

அப்போது கிள்ளான் வட்டாரத்தின் அரசாங்க மருத்துவராக இருந்தவர் மால்கம் வாட்சன். மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்து அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று நம்பியவர்கள் அப்போதும் பலர். வாட்சனோ புதிய உண்மையை நம்பி, அரசாங்கத்திடம் வடிகால் வெட்டப் பணம் கேட்டார். காடு அழிக்கப்பட்டது, வடிகால்கள் வெட்டப்பட்டன, கடல்நீர் ஏறாதவாறு மண்கரைகள் எழுப்பப்பட்டன. ஓரிரு ஆண்டுகளில் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. துறைமுகம் பிழைத்தது.

வாட்சன் அத்துடன் நிற்கவில்லை என்பதே நமக்கு முக்கியமானது. சுற்றிலும் இரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலம் அது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் அங்கே கூட்டம் கூட்டமாக மடிந்துகொண்டிருந்தனர். அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று, குழந்தைகளின் வயிற்றை அழுத்தி மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று சோதித்துக் கணக்கெடுத்தார். காட்டோரத்து லயங்களில் நோய் மிகுதி. காட்டுக்குத் தொலைவில் இருந்த லயங்களில் குறைவு. கடலோரச் சமவெளியில் நோயைப் பரப்பிய கொசு நிழலான சதுப்பு நீரில் முட்டையிடுவது. காட்டை அகற்றி நீரை வடித்தால் அது ஒழியும். மலைப்பாங்கான தோட்டங்களிலோ கதை தலைகீழானது. அங்கே காட்டை அழித்ததும் ஓடைகளில் வெயில் பட்டு, தெளிந்த நீரை விரும்பும் வேறொரு கொசு பெருகியது. ஓரிடத்தின் மருந்து இன்னோரிடத்தில் நஞ்சாயிற்று. ஆகவே அங்கே நிலத்தடிக் குழாய்கள் பதித்தும் எண்ணெய் தெளித்தும் போராட நேர்ந்தது. அந்த வடிகால்களை வெட்டிய கைகளில் நம்மவர் கைகளும் இருந்தன; அவர்களின் பெயர்களை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

முதியோர் பலருக்கு இத்துறைமுகம் என்றதும் நினைவுக்கு வருவது ரஜூலா கப்பலாக இருக்கும். 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் மலாயாவுக்குமிடையே ஓடிய அக்கப்பல் பினாங்கிலும் இங்கும் நின்று சென்றது. தகரப் பெட்டியுடன் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று கிள்ளானில் வாழும் தமிழர்களுள் பலர்.

தொடக்கத்தில் இரயில்வே நிர்வாகமே துறைமுகத்தையும் நடத்தி வந்தது. 1963இல் தனித் துறைமுக ஆணையம் அமைந்தது. 1972இல் 'போர்ட் சுவெட்டன்ஹாம்' என்னும் பெயர் நீங்கிக் 'கிள்ளான் துறைமுகம்' ஆயிற்று. அடுத்த ஆண்டே கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது. இதுவே பெரிய மாற்றம். அதற்கு முன் கோணி மூட்டைகளையும் இரப்பர்க் கட்டுகளையும் முதுகிலும் கொக்கியிலும் சுமந்து ஏற்றினர். ஒரு கப்பல் நிறையப் பல நாட்கள் பிடிக்கும். இரும்புக் கொள்கலன் வந்தபின் அவ்வேலையைப் பாரந்தூக்கி சில மணி நேரத்தில் முடிக்கிறது. 1986இல் கொள்கலன் முனையம் தனியார்மயமானது. 1990களில் லுமுட் தீவு 'இண்டா தீவு' எனப் பெயர் மாறி, மேற்குத் துறைமுகம் அங்கே எழுந்தது.

2023ஆம் ஆண்டில் இருபது அடிக் கொள்கலன் அளவில் 14 மில்லியனுக்கும் மேற்பட்ட அலகுகள் இங்கே கையாளப்பட்டன. மாணவர்கள் 365ஆல் வகுத்துப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 38,000க்கு மேல் வரும். இவற்றுள் பெரும்பகுதி நம் நாட்டுச் சரக்கன்று. ஒரு கப்பலிலிருந்து இறக்கி வேறு நாட்டுக்குச் செல்லும் இன்னொரு கப்பலில் ஏற்றப்படுபவை.

இந்த வளர்ச்சியில் ஒரு கசப்பும் உண்டு. உடல் வலிமை ஒன்றையே முதலாகக் கொண்டு துறைமுகத்தில் பிழைத்த காலம் போய்விட்டது. பாரந்தூக்கி இயக்கவும், கணினியில் சரக்குப் பதிவு செய்யவும், இயந்திரம் பழுதுபார்க்கவும் தெரிந்தவர்களையே அது இன்று அழைக்கிறது. தோட்டத்தை விட்டுக் கிள்ளான் பக்கம் குடியேறும் குடும்பங்கள் பிள்ளைகளைத் தொழிற்பயிற்சி நிலையங்களில் சேர்த்த பிறகு வேலை தேடுவதே நலம். பயிற்சியின்றி வாயிலில் நிற்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அன்றாடக் கூலியே.

துறைமுகத்தை நேரில் காண விரும்புவோர் கோலாலம்பூரிலிருந்து கொமுட்டர் இரயிலில் கடைசி நிலையம் வரை செல்லலாம். இரயில் ஓடுவது அந்த 1899ஆம் ஆண்டு வழித்தடத்தில்தான். நிலையத்துக்கு அருகிலேயே கெத்தாம் தீவுக்குப் படகு புறப்படும் துறை இருக்கிறது. படகு முகத்துவாரத்தைக் கடக்கும்போது, ஒருபுறம் பாரந்தூக்கிகள் வரிசையாகத் தெரியும். மறுபுறம் வாட்சன் காலத்துச் சதுப்பு நிலக் காடு இன்னும் சிறிது மிச்சமிருக்கும்.