உங்களுக்குத் தெரியுமா? சப்தரிஷி மண்டலத்தை ஒட்டிய சுருள் விண்மீன் திரள்

ஜெர்மானிய வானியலாளர் யோகான் எலெர்ட் போடே 1774 டிசம்பர் 31 அன்று கண்டறிந்த எம்81, பூமியிலிருந்து ஏறத்தாழ 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில், அதாவது ஒளியே வந்துசேர அத்தனை ஆண்டுகள் எடுக்கும் தூரத்தில், அமைந்துள்ள சுருள் விண்மீன் திரளாகும். சப்தரிஷி மண்டலத்தின் நாற்கரத்தில் ஃபெக்டாவிலிருந்து துபே விண்மீனுக்கு மூலைவிட்டமாக ஒரு கோடு வரைந்து, அதே அளவு மேலும் நீட்டினால் இதன் அருகே சென்றடையலாம். நிலவற்ற இரவில் பைனாகுலரில் மங்கிய நீள்வட்டத் திட்டாகத் தெரியும் இதனுடன், முழுநிலவின் விட்டத்தைவிடச் சற்றே கூடிய இடைவெளியில், மெல்லிய கீற்றுப் போன்ற எம்82 திரளும் ஒரே பார்வைப் புலத்தில் அடங்கும். புகைப்படங்களில் எடுப்பாகத் தெரியும் சுருள் கரங்களைச் சிறு தொலைநோக்கியில் தேடுவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். ஏனெனில் மையக் குமிழ் பொலிவுடன் ஒளிர, கரங்களின் ஒளியோ அகன்ற பரப்பில் பரவி நீர்த்துவிடுகிறது. எனினும், 1993 மார்ச்சில் இத்திரளில் தோன்றிய சூப்பர்நோவாவை, அதாவது பெருவிண்மீனின் இறுதி வெடிப்பை, முதலில் கண்டவர் ஸ்பெயின் நாட்டு அமெச்சூர் வானோக்கர் ஒருவரே.