பானெட்டை அப்புறம் தூக்கலாம்... டிக்கியைத் திறந்து பார்த்தீர்களா?

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? நேராகப் போய் பானெட்டைத் தூக்குகிறார்கள். இஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். "ஒரே செல்ஃப்தாண்ணே, பட்டுனு எடுக்கும்" என்று புரோக்கர் சொன்னதும் முகம் மலர்ந்து விடுகிறது. அட்வான்ஸ் கைமாறுகிறது.

முதலில் திறக்க வேண்டியது டிக்கியை! உள்ளே விரித்திருக்கும் கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னி டயரை வெளியே எடுத்துப் போட்டு, அது உட்கார்ந்திருந்த குழியை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். காரின் ஜாதகம் அந்தக் குழியில்தான் எழுதியிருக்கிறது.

அதிலும் வாங்குவது ஸ்டேஷன் வேகன் என்றால் இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

முதுகு நீண்ட கார்

ஸ்டேஷன் வேகன் என்றால் தெரியுமல்லவா? எஸ்டேட் கார் என்றும் சொல்வார்கள். சாதாரணக் காரின் டிக்கிக்கு மேலேயும் கூரையை நீட்டி, பின்னால் பெரிய கதவு வைத்தால் அதுதான். டாடா கம்பெனி 1992-ல் 'எஸ்டேட்' என்ற பெயரிலேயே ஒன்றை விட்டது. கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் ஏற்றலாம், வாழைத்தார் ஏற்றலாம், பெட்டி படுக்கையோடு ஏழெட்டு நாள் யாத்திரை போகலாம். ஆனாலும் நம் ஊரில் அந்த உருவம் எடுபடவில்லை. "பின்னால பார்த்தா வேன் மாதிரி இருக்கே!" என்று ஒதுக்கி விட்டார்கள்.

அப்படி ஒதுக்கப்பட்டவற்றில் ஒன்றுதான் மாருதியின் பலேனோ ஆல்டூரா. பலேனோ கார் இந்தியாவுக்கு வந்தது 1999 கடைசியில். அதன் தொடர்ச்சியாக முதுகை நீட்டி வந்தது ஆல்டூரா. 1,590 சி.சி. இஞ்சின், 16 வால்வு, 94 குதிரை சக்தி. அம்பாசிடரின் பழைய 1,489 சி.சி. பெட்ரோல் இஞ்சின் ஏறக்குறைய 50 குதிரையோடு மூச்சு வாங்கியதை நினைத்துப் பார்த்தால், இது எப்படிப்பட்ட பாய்ச்சல் என்பது புரியும். வெளியே பார்த்தால் சம்சாரி. ஆக்சிலேட்டரை மிதித்தால் குஸ்தி பயில்வான்!

வெளிநாட்டுக்காரர்கள் இந்த ரகசியத்தை நன்றாகவே அறிந்தவர்கள். 1994-ல் பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் வால்வோ கம்பெனி 850 எஸ்டேட் காரையே இறக்கி விட்டது. காய்கறி வாங்கப் போகிற வண்டி பந்தயத்தில் ஓடுகிறதே என்று ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். அதே 1994-ல் ஜெர்மனியில் ஆடி கம்பெனி போர்ஷேயுடன் கைகோத்து 'ஆர்.எஸ்.2' என்ற எஸ்டேட்டை விற்றது. 315 குதிரை சக்தி!

நம் ஆல்டூராவுக்கு அந்த யோகம் இல்லை. விற்றது கொஞ்சம், ஓடுவது இன்னும் கொஞ்சம். அதனாலேயே இன்று கார் பிரியர்கள் சிலருக்கு அதன் மேல் ஒரு கண். மலிவாக வாங்கி, வீட்டிலேயே வைத்துப் புதுப்பித்து, கொஞ்சம் வேகமும் கூட்டி விட வேண்டும் என்ற ஆசை.

துருவுக்கு ஆபீஸ் போட்ட ஊர்

காரைக்குடியில் ஒருவர் அப்படி ஒரு ஆல்டூராவை வாங்கி வந்து, செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டில் நிறுத்தியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. பழைய காரின் முதல் எதிரி துரு. அந்தத் துருவை ஆராய்வதற்கென்றே அவர் ஊரில் விஞ்ஞானிகள் உட்கார்ந்திருக்கிறார்கள்!

'சிக்ரி' என்று ஊரார் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான் அது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்தது. 1948 ஜூலை 25-ந் தேதி பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ந் தேதி, பொங்கலன்று, அப்போது துணை ஜனாதிபதியாக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பேட்டரி, முலாம் பூசுவது என்று அங்கே நடக்கும் ஆராய்ச்சிகளில் முக்கியமான ஒன்று, உலோகம் ஏன் அரித்துப் போகிறது என்பது. மண்டபம் கடற்கரையில் அதற்கென்றே ஒரு சோதனை நிலையம் வைத்திருக்கிறார்கள். நாடு முழுக்க உலோகத் தகடுகளை வெயிலிலும் மழையிலும் காய விட்டு, எந்த ஊரில் இரும்பு எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்று கணக்கெடுத்து, இந்தியாவுக்கு ஒரு துரு வரைபடமே போட்டார்கள்.

துருவுக்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஈரம் பட்ட இரும்பு, ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்கிறது. சொட்டுத் தண்ணீருக்கு அடியில் ஒரு இடத்தில் இரும்பு கரைகிறது. பக்கத்து இடத்தில் காற்றிலுள்ள பிராணவாயு அதன் மின்னணுக்களை வாங்கிக் கொள்கிறது. தண்ணீரில் உப்பு கலந்து விட்டால் மின்சாரம் ஓடுவது சுலபம்; அரிப்பும் வேகம். அதனால்தான் கடற்கரை ஊரில் ஓடிய வண்டி, உள்நாட்டில் ஓடிய வண்டியைவிடச் சீக்கிரம் கிழவனாகிறது. ராமேஸ்வரத்திலோ தூத்துக்குடியிலோ பத்து வருஷம் நின்ற காரை வாங்குகிறவர், கிலோமீட்டரைப் பார்ப்பதை விட ஊர்ப் பெயரைப் பார்ப்பது நல்லது.

பர்மா தேக்குத் தூணும் முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவரும் நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே நிற்கிற ஊர் இது. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய கதவுக்கும் பீங்கான் ஜாடிக்கும் இன்னும் மவுசு இருக்கிறது. ஆனால் காரின் தகரம் தேக்கு அல்ல. பின் கதவின் ரப்பர் காய்ந்து வெடித்தால் போதும். மழைத் தண்ணீர் உள்ளே வடிந்து, நேராக ஸ்டெப்னி குழியில் போய் நிற்கும். மேலே கார்ப்பெட் மூடியிருப்பதால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

"பட்டி வச்சு மூடிரலாம்ணே!"

நம் பின்கட்டுக்காரர் டிங்கரிங் மிஸ்திரியைக் கூட்டி வருகிறார். பின் சக்கரத்து மட்கார்டு ஓரத்தில் பெயிண்ட் கொப்புளம் போட்டிருக்கிறது.

"இது ஒண்ணுமில்லைண்ணே. தேய்ச்சுட்டு பட்டி வச்சு மூடி, பெயிண்ட் அடிச்சா புது வண்டிதான். ரெண்டு நாள் வேலை."

இந்த இரண்டு நாள் வேலையில்தான் பல பேர் ஏமாந்து போகிறார்கள். துரு, தான் தின்ற இரும்பை விடப் பல மடங்கு இடத்தை அடைத்துக் கொள்ளும். பெயிண்ட் கொப்புளிப்பதே அதனால்தான். கொப்புளம் ஒரு ரூபாய் அகலம் தெரிந்தால், உள்ளே உள்ளங்கை அகலம் போயிருக்கும். அதன்மேல் பட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக் கொள்ளும். அடுத்த மழைக்காலத்தில் பட்டி பாளமாக விழும்.

சரியான வைத்தியம் கசப்பானது. ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்து, குத்தின இடம் உள்ளே போனால் அந்தத் தகரத்தை வெட்டியே எறிய வேண்டும். நல்ல இரும்பு தெரிகிற வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். பிறகு அதே கனத்தில் புதுத் தகரம் வைத்து வெல்டிங். மேலாகப் பிடித்த துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த மருந்து உண்டு. அதைத் தடவினால் துரு கறுத்து இறுகி விடும். அதன்மேல் துத்தநாகம் கலந்த பிரைமர். ஏன் துத்தநாகம்? வீட்டில் உள்ள ஜிங்க் வாளியை நினைத்துக் கொள்ளுங்கள். கீறல் விழுந்தாலும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிப்பதில்லை. துத்தநாகம் தன்னை அரிக்கக் கொடுத்து, இரும்பைக் காப்பாற்றுகிறது. அண்ணன் அடி வாங்கி தம்பியைக் காப்பாற்றுகிற கதைதான்.

இன்னொன்று. கதவுகளின் அடியிலும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகரத்திலும் தண்ணீர் வடிவதற்குச் சின்னச் சின்ன ஓட்டைகளைக் கம்பெனியே வைத்திருக்கும். அதை ஏதோ பழுது என்று நினைத்து அடைத்து விடுகிறவர்கள் உண்டு. அடைத்தால் கதை முடிந்தது. கம்பி விட்டுச் சேற்றை எடுத்துத் திறந்தே வைக்க வேண்டும்.

இதெல்லாம் அழகுக்காக மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டு விடலாம். சீட் பெல்ட் மாட்டியிருக்கும் போல்ட்டு எதில் இறங்கியிருக்கிறது? அந்தத் தகரத்தில்தான். ஷாக் அப்சார்பரின் தலை எதில் உட்கார்ந்திருக்கிறது? அதே தகரத்தில்தான். துருப்பிடித்த வண்டியில் வேகத்தைக் கூட்டுவது, கரையான் தின்ற உத்தரத்தில் ஊஞ்சல் கட்டுவது போல.

வெல்டிங் வைக்கும்போது கவனம் வேண்டிய இடம் பெட்ரோல் டேங்க். "டேங்க் காலிதானே" என்று பக்கத்தில் நெருப்பைக் கொண்டு போகிறார்கள். நிறைந்த டேங்கை விடக் காலி டேங்க் பொல்லாதது. உள்ளே இருக்கும் ஆவி வெடித்து விடும். டேங்கைக் கழற்றித் தள்ளி வைத்து, பேட்டரி ஒயரையும் கழற்றி விட்டுத்தான் வேலை. அதேபோல வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. இரும்பு ஸ்டாண்டு கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

தகர வேலை முடிந்தது. இனி இஞ்சினுக்குப் போகலாமா? இல்லை, பிரேக்குக்குப் போக வேண்டும்.

40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற காரை நிறுத்துவதற்கும் 80-ல் போகிற காரை நிறுத்துவதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டு மடங்கு என்று நினைப்பவர்கள் அதிகம். நான்கு மடங்கு! வேகம் இரட்டித்தால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. ஸ்டேஷன் வேகனில் பின்னால் நாலு மூட்டை வேறு ஏற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம். 25 வயது காரில் பிரேக் ஹோஸ் ரப்பர் உள்ளுக்குள் ஊறிப் போயிருக்கும். அதையெல்லாம் மாற்றி, புது பிரேக் ஆயில் ஊற்றி, புஷ், ஷாக் அப்சார்பர், டயர் என்று வரிசையாக முடித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

ஸ்பேர் கடையில் ஒரு வேடிக்கை காத்திருக்கும். "பலேனோவுக்கு பிரேக் பேட் கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் எடுத்து நீட்டுவது வேறு காரின் சாமானாக இருக்கும். பழைய பலேனோ 2007-ல் நின்று போனது. அதே பெயரை மாருதி 2015-ல் ஒரு சின்ன காருக்குச் சூட்டி விட்டது. "பழைய பலேனோ, 1600 சி.சி." என்று அழுத்திச் சொல்ல வேண்டும். முடிந்தால் கழற்றிய சாமானையே கையில் கொண்டு போவது உத்தமம்.

இஞ்சினில் டைமிங் பெல்ட், ரேடியேட்டர், தண்ணீர் பம்ப் இவற்றை மாற்றினாலே கம்பெனி கொடுத்த 94 குதிரையில் தொலைந்து போனவை திரும்பி வரும். அதோடு நிறுத்திக் கொள்கிறவர் புத்திசாலி.

வேறு இஞ்சின் மாட்டினால்?

நிறுத்திக் கொள்ள மனசு வருமா? "பெரிய இஞ்சினா மாட்டிருவோம்" என்று யாராவது தூபம் போடுவார்கள்.

இஞ்சின் மாற்றுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் பெட்ரோல் அம்பாசிடரை வாங்கி மட்டடார் டீசல் இஞ்சினை மாட்டி ஓட்டியவர்கள் ஏராளம். சென்னைக்கு வெளியே வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனியோ இதைத் தொழிற்சாலையிலேயே செய்தது! இங்கிலாந்தில் ரோவர் எஸ்.டி.1 என்ற கார் 3,500 சி.சி., எட்டு சிலிண்டர் இஞ்சினோடு பறந்தது. அந்த உடம்பை 1985-ல் இங்கே கொண்டு வந்து, பழைய வேன்கார்டு வம்சத்து 2 லிட்டர் இஞ்சினைப் பொருத்தி 'ஸ்டாண்டர்டு 2000' என்று விற்றார்கள். யானைக்கு ஆட்டுக்கால்! விலையோ அதிகம். 1988-க்குள் தயாரிப்பே நின்று விட்டது. உடம்பும் இஞ்சினும் பொருந்தவில்லை என்றால் பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி.

வீட்டில் செய்கிறவருக்கு அதைவிடப் பெரிய ஆபத்து காகிதத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அடித்துச் சொல்லி விட்டது. அதே ரக இஞ்சினை மாற்றினாலும் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். கலர் மாற்றினால்கூடச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மாட்டிய இஞ்சினோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்க இடம் உண்டு. அடிபட்டவருக்கு வீட்டை விற்றுக் கொடுக்க வேண்டிய நிலைமைகூட வரலாம்.

50 வயது தாண்டிய கார்களுக்கு 2021-ல் 'வின்டேஜ்' விதி வந்தது. ஆல்டூராவுக்கு அந்த வயது வர இன்னும் காலம் இருக்கிறது. அதுவரை 15 வருஷம் முடிந்த மற்ற கார்களைப் போலத்தான். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வண்டியைக் கொண்டு போய்க் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 20 வயது தாண்டிய கார்களுக்கு இந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10 ஆயிரம் ரூபாயாக உயர்த்தி விட்டார்கள்.

அப்படிக் காட்டும்போது இன்ஸ்பெக்டர் முதலில் தேடுவது சேசிஸ் நம்பரை. அது தகரத்திலேயே அடித்திருக்கும் எழுத்து. அந்த இடத்திலும் துரு ஏறியிருந்தால் டிங்கரிங் பையன் மற்ற இடத்தைப் போலவே கிரைண்டரைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்து விடுவான். நம்பர் போச்சு! லட்ச ரூபாய் செலவழித்துப் பளபளப்பாக்கிய கார், அந்த நிமிஷம் முதல் திருட்டுக் காரா என்று சந்தேகப்பட வேண்டிய கார் ஆகி விடும்.

அதனால் வேலை தொடங்குகிற நாளன்று, ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டியது ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும். நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து, ஆர்.சி.யோடு சரிபார்த்துக் கொள்ள வேண்டும். பிறகு அந்த இடத்தில் கிரீஸ் தடவி, மேலே டேப் ஒட்டி, மிஸ்திரியிடமும் பையனிடமும் சொல்லி வைக்க வேண்டும்: "தம்பி, இந்த இடத்துல மட்டும் கை வைக்காதே."