பழைய வீடு... எகிறும் கரன்ட் பில்... ஏசி வாங்கும் முன் மொட்டை மாடியைக் கவனியுங்கள்!

``ராத்திரி பத்து மணிக்கும் ஃபேன்ல இருந்து அனல்தான் வருது!'' கோடை வந்தால் பழைய கான்கிரீட் வீடுகளில் கேட்கும் புலம்பல் இது. உடனே தவணையில் ஓர் ஏசி வாங்கிவிடுவோம். அதிலும், வயதான பெற்றோர் மட்டும் இருக்கும் வீடுகளில், பிள்ளைகள் ஏசி வாங்கி மாட்டிக் கொடுத்தாலும், பில்லுக்குப் பயந்து அதைப் போடாமலேயே வியர்வையில் படுத்திருப்பவர்கள் நிறைய பேர். அவர்களுக்குத் தேவை இன்னொரு மெஷின் அல்ல, சூடேறாத வீடு. அதற்கு எதை முதலில் செய்யலாம், எதைத் தள்ளிப்போடலாம்?

முதல் செலவு மொட்டை மாடிக்கு!

மாடி வீட்டில் வெயிலை நேராக வாங்குவது கூரைதான். கான்கிரீட் பகல் முழுக்க வெப்பத்தைச் சேர்த்துவைத்து, இரவில் மெதுவாக அறைக்குள் இறக்கும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே புழுங்குவது இதனால்தான். அந்தச் சூட்டைத்தான் ஃபேன் நம் மேல் தள்ளுகிறது. ஏசியும் அதனுடன்தான் மல்லுக்கட்டுகிறது.

வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். கையில் காசு குறைவென்றால் சுண்ணாம்பே போதும். இரண்டு கை அடிக்கலாம். மழையில் கரையும் என்பதால் ஒவ்வொரு கோடைக்கு முன்பும் மீண்டும் அடிக்க வேண்டும். சில வருடங்கள் தாங்க வேண்டுமென்றால், வெயிலைப் பிரதிபலிக்கும் `கூல் ரூஃப்' பெயின்ட் அல்லது வெள்ளை டைல்ஸ். தெலங்கானா அரசு இதற்கென்றே 2023-ல் தனிக்கொள்கை கொண்டுவந்தது.

ஒரு விஷயம் முக்கியம். விரிசல், நீர்க்கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஈரத்தின் மேல் அடித்த பெயின்ட் உரிந்துவிடும். அடித்த பிறகும் தூசி படிந்து கறுத்தால் பலன் குறையும், அவ்வப்போது கழுவிவிடுங்கள்.

ஜன்னலைத் திறக்கவும் நேரம் உண்டு!

வெளியே கொளுத்தும்போது ஜன்னலைத் திறந்துவைத்தால் அனல்தான் உள்ளே வரும். வெயில் ஏறியதும் மேற்கு, தெற்கு ஜன்னல்களை மூடி, முடிந்தால் வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ, வெட்டிவேர்த் தட்டியோ தொங்கவிடுங்கள். உள்ளே போடும் திரையைவிட இதில் பலன் அதிகம். வெயில் கண்ணாடிக்கே வராது. பொழுது சாய்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். பழைய வீடுகளில் கூரையை ஒட்டி இருக்கும் வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருந்தால் அதையும் திறங்கள். மேலே தேங்கும் சூடான காற்று வெளியேற அதுதான் வழி.

ஃபேன் கணக்கு!

பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி ஃபேனுக்குச் சுமார் 28 வாட் போதும். தினமும் 15 மணி நேரம் ஓடினால், பில் வரும் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 42 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் என்றால் 126 யூனிட்! யூனிட் கூடக் கூட, ஒரு யூனிட்டின் விலையும் கூடும் என்பதால், மிச்சமாவது பில்லில் விலை அதிகமான யூனிட்டுகள்தான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். அதிக நேரம் ஓடும் ஃபேனிலிருந்து தொடங்குங்கள். பி.எல்.டி.சி ஃபேனைப் பழைய ரெகுலேட்டரோடு இணைக்கக் கூடாது என்பதை எலெக்ட்ரீஷியனிடம் நினைவுபடுத்துங்கள்.

வாடகை வீடா? ஃபேனும் எல்.இ.டி விளக்கும் நீங்கள் காலி செய்யும்போது கூடவே வரும். மாடிக்கு வெள்ளையடிப்பது பற்றி மட்டும் வீட்டு ஓனரிடம் பேசிப் பாருங்கள். அவருடைய கட்டடத்துக்கும் நல்லதுதான்.

ஏசி வேண்டவே வேண்டும் என்றால்...

முதலில் வயரிங். பல வருடங்களுக்கு முன் ஃபேனுக்கும் விளக்குக்கும் போட்ட வயர், ஏசியின் லோடைத் தாங்காமல் சூடேறினால் தீ விபத்துவரை போகலாம். ஏசிக்குத் தனி லைன், சரியான எர்த், கசிவு மின்சாரத்தை உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி மூன்றும் அவசியம். ஏசியை 24 டிகிரியில் வைத்து, ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டிவைத்தால் சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு.

சோலார் கடைசியில்!

2024-ல் தொடங்கிய `பி.எம் சூர்ய கர்' திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என மத்திய அரசு மானியம் அறிவித்தது. ஆனால், வீட்டின் தேவையைக் குறைத்த பிறகு கணக்கிட்டால், 3 கிலோவாட் கேட்ட வீட்டுக்கு 2 கிலோவாட்டே போதுமானதாக இருக்கலாம். பழைய கூரை என்பதால், எடையைத் தாங்குமா என்று சிவில் இன்ஜினீயரிடம் காட்டிவிட்டு இறங்குங்கள்.

பலன் தெரிந்ததா என்று பார்க்க, பில்லில் ரூபாயைப் பார்க்காதீர்கள். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும். யூனிட்டைப் பாருங்கள். அதையும் போன பில்லோடு ஒப்பிடாமல், போன வருடம் இதே மாதங்களின் பில்லோடு ஒப்பிடுங்கள். செய்த வேலைக்குப் பலன் உண்டா என்று அந்த எண்ணே சொல்லிவிடும்!