தொந்தி கரையணுமா? பர்சு கரையாமல் பார்த்துக்குங்க!

சென்னை வாசிகள் பலருக்கு இப்போது பெரிய தலைவலி தலையில் இல்லை, வயிற்றில்!

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 40 பேருக்கும், ஆண்களில் 100க்கு 37 பேருக்கும் எடை அதிகம். 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லும் கணக்கு இது.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மூட்டு வலி மூன்றும் தொந்தியின் நெருங்கிய சொந்தக்காரர்கள். ஒருவர் வந்தால் மற்றவரும் மூட்டை முடிச்சோடு வந்து விடுவார்கள்.

டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் உஷார்!

தவணையில் வந்த கொடி

பயம் வந்ததும் என்ன செய்கிறோம்? நேரே கடைக்குப் போய், மாதத் தவணையில் ஒரு டிரெட்மில்லை வாங்கிப் போட்டு விடுகிறோம். முதல் வாரம் ஓட்டமோ ஓட்டம். மூன்றாவது மாதம் அதில் ஈர வேட்டியும் துண்டும் காய்கிறது. தவணை மட்டும் நிற்காமல் ஓடுகிறது!

துணி காயப்போட இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடி எதுக்குங்க?

முதலில் கயிறு

சில நூறு ரூபாயில் தொடங்கலாம். ஸ்கிப்பிங் கயிறு போதும். கயிற்றின் நடுவில் காலை வைத்து மிதித்து, இரண்டு கைப்பிடியையும் மேலே இழுங்கள். அக்குள் வரை வந்தால் அதுதான் உங்கள் அளவு.

ஆனால் உடம்பு ரொம்ப கனத்தவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் குதிக்கவே கூடாது. அவர்களுக்கு ரப்பர் பட்டை நல்லது. உட்கார்ந்தபடியே இழுக்கலாம். பட்டையில் வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் தினம் பார்த்துக்கொள்ள வேண்டும். அறுந்தால் முகத்தில் அடிக்கும்.

டம்பிள்ஸ் வாங்கக் காசு இல்லையா? ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்தால் ஒரு கிலோ எடை ரெடி. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பதும் கசரத்துதான்!

சைக்கிளா? டிரெட்மில்லா?

கொஞ்சம் பணம் இருந்தால், நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் நல்லது. முழங்காலுக்குச் சுமை குறைவு. சாதாரண ரகத்துக்குக் கரண்டும் வேண்டாம். கடையிலேயே ஏறி உட்கார்ந்து பாருங்கள். பெடல் கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கி இருக்க வேண்டும். அதற்குத் தக்கபடி சீட் ஏறி இறங்க வேண்டும்.

டிரெட்மில்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் நான்கு கேள்வி கேளுங்கள்:

எத்தனை கிலோ ஆள் வரை தாங்கும்? (உங்கள் எடையை விட 15, 20 கிலோ கூடுதலாக இருக்கட்டும்.)

அட்டையில் போட்டிருக்கும் குதிரைசக்தி, மோட்டார் தொடர்ந்து தரும் சக்தியா, ஒரு நொடி எகிறிக் காட்டும் சக்தியா?

ரிப்பேர் என்றால் வீட்டுக்கு ஆள் வருமா?

எண்ணெய் எத்தனை நாளைக்கு ஒரு முறை போட வேண்டும்?

மாடி வீட்டுக்காரர்கள், கீழ் வீட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டு விடுவது நல்லது. சத்தம் அவர் தலையில்தான் இறங்கும்!

பெரியமேட்டில் விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நாலு கடை ஏறி இறங்கி விலை கேளுங்கள். அந்த நடையும் கணக்கில் சேரும்.

பெல்ட்டை நம்பாதீங்க!

வயிற்றில் கட்டினால் வியர்த்துக் கொட்டும் பெல்ட், எடையைக் குறைப்பது போல் காட்டும். போனது தண்ணீர்; இரண்டு சொம்பு குடித்தால் திரும்பி வந்து விடும். ஓர் இடத்துக் கொழுப்பை மட்டும் தனியாகக் கரைக்கும் பெல்ட் எதுவும் கிடையாது.

வடைக் கணக்கு

ஒரு கிலோ கொழுப்பு என்றால் சுமார் 7,700 கலோரி. எழுபது கிலோ ஆசாமி அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 130 கலோரி. தினம் நடந்தாலும் ஒரு கிலோ குறைய இரண்டு மாதம்! நடந்து முடித்து ஒரு வடையும் சர்க்கரை போட்ட காபியும் உள்ளே தள்ளினால், அன்றைய உழைப்பு போச்சு. எனவே மெஷினோடு வாயையும் கட்ட வேண்டும்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி வீதம் ஐந்து நாள், அவ்வளவுதான். நெஞ்சு வலி, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

மூன்று மாதப் பரீட்சை

இன்று கயிறோ பட்டையோ வாங்குங்கள். தவணைக்குக் கட்ட இருந்த பணத்தை மாதா மாதம் உண்டியலில் போடுங்கள். மூன்று மாதம் விடாமல் செய்தால், சைக்கிள் வாங்க முன்பணம் கையில் இருக்கும். வாங்குங்கள், வீண் போகாது.

நடுவில் விட்டு விட்டால்? நஷ்டம் ஒரு கயிறுதான். அதில் துணி காயப்போட்டுக் கொள்ளலாம்!