மண்ணைக் கேட்போம் – 6: இருக்கும் ஈரம், கிடைக்கும் ஈரம்

கேரளத்தின் கரிசல் மண் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில்தான் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று தமிழ் பேசும் கிழக்குக் கோடி அது. மழை குறைவு. 1970 ஒப்பந்தப்படி பரம்பிக்குளம்–ஆழியாறு வழியாக வரும் தண்ணீரையும் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பித்தான் தென்னை நிற்கிறது. தெற்கே இடுக்கியின் எல்லையோரத்தில், உடும்பன்சோலை, பூப்பாறை பக்கத்து ஏலத் தோட்டங்களில் மிதித்தால் அமுங்குகிற, மக்கு நிறைந்த காட்டு மண். இந்த இரண்டு மண்ணிலும் ஒரே சென்சாரைக் குத்தி, இரண்டிலும் ஒரே எண் வந்தால் என்ன அர்த்தம்? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

சென்ற வாரம் நாம் செய்த கெபாசிட்டிவ் சென்சார் தண்ணீரை நேரடியாக அளப்பதில்லை. மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதை அளக்கிறது. காற்றுக்கு அந்த மதிப்பு 1, உலர்ந்த மண்ணுக்கு 3 முதல் 5, தண்ணீருக்கோ ஏறத்தாழ 80. இந்தப் பெரிய இடைவெளிதான் நூறு ரூபாய்ப் பலகையைக்கூட வேலை செய்ய வைக்கிறது. ஆனால் காற்றின் மதிப்பு 1 என்பதையும் மறக்கக் கூடாது. கரிசல் மண் மாசி, பங்குனியில் வெடிக்கும். வெடிப்பு சென்சாரின் ஓரமாகப் போய்விட்டால் பலகையின் பாதி காற்றில் நிற்கும். பக்கத்துக் கட்டியில் ஈரம் இருந்தாலும் கருவி ‘வறட்சி’ என்றே சொல்லும். சித்தூர்க்காரர்கள் அதே மண்ணைக் குழைத்துக் குழியில் ஊற்றி, அதில் சென்சாரைச் சாய்வாகப் பதிக்க வேண்டும். அப்படியும் வெடிப்புக் காலத்தில் வாரம் ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கனஅளவில் நூற்றுக்கு 20 பங்கு தண்ணீர் உள்ள மணல் கலந்த மண்ணில் செடி சுகமாக நிற்கும். அதே 20 பங்கு கனத்த களிமண்ணில் இருந்தால் செடி வாடத் தொடங்கிவிடலாம். களியின் நுண்துகள்கள் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்கின்றன, வேரால் இழுக்க முடிவதில்லை. ஈரம் இருக்கிறது, கிடைக்கவில்லை. ‘சதவீதம்’ காட்டும் எந்தக் கருவியும் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. விலை கூடிய கருவிகளுக்கும் இது பொருந்தும்.

இதற்கு ஒரு பழைய வழி உண்டு. அமெரிக்காவின் மிச்சிகனில் பூயூகோஸ் என்ற மண்ணியலாளர் 1940-இல் ஜிப்சம் கட்டியை அறிமுகப்படுத்தினார். ஜிப்சத்தின் நுண்துளைகளுக்கும் மண்ணுக்கும் நடுவே தண்ணீர் இழுபறி நடக்கும். மண் இறுகப் பிடித்தால் கட்டி காய்ந்து மின்தடை ஏறும், மண் தளர்ந்தால் கட்டி நனைந்து தடை இறங்கும். ஆக அது அளப்பது வேர் படும் பாட்டை. என்னைக் கேட்டால் கரிசல் காட்டுக்கு இதைவிட நேர்மையான வீட்டுக் கருவி இல்லை.

செய்முறை எளிது. கைவிரல் நீளத்துக்கு வயரிங் பைப்பை வெட்டி நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, டேப்பால் ஒட்டிக்கொள்ளுங்கள். எவர்சில்வர் கம்பி இரண்டை ஒன்றையொன்று தொடாமல் அட்டையில் குத்தி, பைப்புக்குள் நிறுத்துங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தோசைமாவுப் பதத்தில் கரைத்து ஊற்றி, தட்டித் தட்டிக் குமிழியை வெளியேற்றுங்கள். இறுகி ஜிப்சம் கட்டியானதும் பைப்பைப் பிரித்து, வயரை இணைத்து, இணைப்பின் மேல் எம்-சீல் பூசுங்கள். அளக்கும்போது ஒரே திசையில் மின்சாரம் விடக் கூடாது, கம்பி அரித்துப்போகும். சென்சாரைப் படிக்கும் ஆர்டுயினோ பலகையின் இரண்டு பின்களில் பிளஸ், மைனஸை மாற்றி மாற்றிக் கொடுத்து, கண நேரத்தில் படித்துவிட்டு மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். ஜிப்சம் தண்ணீரில் மெல்லக் கரையும் பொருள். தண்ணீர் நிற்கிற இடத்தில் சீக்கிரம் போய்விடும், மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கேதான் வெப்பமானி வருகிறது. மண் சூடேறினால் ஈரம் மாறாமலே ஜிப்சம் கட்டியின் தடை இறங்கும். கெபாசிட்டிவ் பலகையின் எண்ணும் நகரும். 2024 ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 41 டிகிரியைத் தாண்டியது. அப்படிப்பட்ட நடுப்பகலில் எடுத்த எண்ணை நம்பித் தண்ணீரை நிறுத்திவிடக் கூடாது. விடியற்காலை எண்ணை விடியற்காலை எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

வெப்பத்துக்கு டிஎஸ்18பி20 என்ற சென்சார் போதும். எவர்சில்வர் குழாயில் அடைத்தே கிடைக்கிறது, அரை டிகிரிக்குள் சரியாக இருக்கும், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும். திரையில் 85 என்று வந்தால் பதற வேண்டாம். அளவு எடுக்கும் முன்பே படித்துவிட்டீர்கள் என்று பொருள். வேளாண் வானிலை நிலையங்களில் 5, 10, 20 சென்டிமீட்டர் ஆழத்தில் மண் வெப்பம் பார்க்கிறார்கள். நாமும் அதையே பின்பற்றலாம். மேல்மண்ணின் உச்சம் பிற்பகலில் வரும், 20 சென்டிமீட்டரின் உச்சமோ இருட்டிய பிறகுதான் வரும்.

ஏலத்துக்கு இது வேடிக்கைக் கணக்கல்ல. அதன் வேர் மேல்மண்ணிலேயே படர்வது. 2024 கோடையில் இடுக்கியில் ஏலச்செடிகள் பெருமளவு கருகின. நிழல் வலைகூடக் கட்டிப் பார்த்தார்கள். சருகு மூடாக்குப் போட்ட தூரிலும் போடாத தூரிலும் 5 சென்டிமீட்டரில் ஒவ்வொரு வெப்பமானியைப் பதித்துப் பாருங்கள். மூடாக்கின் மதிப்பு பிற்பகல் இரண்டு மணிக்கே தெரிந்துவிடும். தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் கவலை தலைகீழாகும். மண்ணில் நீர் கோத்து நின்றால் அழுகல் நோய் வரும். அப்போது ஜிப்சம் உதவாது, நனைந்தே கிடக்கும். கெபாசிட்டிவ் பலகைதான் வேண்டும். வடிகாலைத் திறந்த பிறகு எண் இறங்குகிறதா என்று அது காட்டும்.

கோவைக் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் ஒரு மண் ஈரங்காட்டியை உருவாக்கியிருக்கிறது. இரண்டு கம்பியை மண்ணில் குத்தினால் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என விளக்கு எரியும். சிவப்பு வந்தால் உடனே தண்ணீர் விட வேண்டும். போடி, கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏறி ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்களின் கையில் கொடுக்க இதுவே சரியான வடிவம் என்று உறுதியாக நம்புகிறேன். நம் கருவியிலும் எல்இடி வைக்கலாம். ஆனால் எந்த எண்ணில் சிவப்பு எரிய வேண்டும் என்பதை உங்கள் மண்தான் சொல்ல வேண்டும். ஒரு வரிசைக்கு மட்டும் தண்ணீரைத் தள்ளிப் போட்டு, இலை சுணங்கும் நாளின் விடியற்காலை எண்ணை நோட்டில் குறியுங்கள். சிவப்பு விளக்கை அதற்குக் கொஞ்சம் முன்னதாகவே வையுங்கள். தென்னை அவ்வளவு சீக்கிரம் வாட்டம் காட்டாது. அதன் வட்டப்பாத்தியில் நாலு தட்டைப்பயறு விதை போட்டால் அது முதலில் சொல்லிவிடும்.

செல்போன் சிக்னல் எட்டாத மலைச்சரிவிலிருந்து இந்த எண்ணை வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது? உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் லோரா வானொலி அமைப்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.