ஊசியைத் தூக்கிவிட்டுக் கேளுங்கள்!

இசைத்தட்டின்மேல் ஊசியை வைப்பதற்கு முன்பே ஸ்பீக்கரில் ஒரு சத்தம் கேட்கிறதே, அது எங்கிருந்து வருகிறது?

என் தந்தை விட்டுச் சென்ற வீணை இசைத்தட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைக் கேட்பதற்காகவே, சேமித்த பணத்தில் வால்வு முன்பெருக்கி ஒன்றை வாங்கினேன். வீணைத் தந்தியை மீட்டியபின் நாதம் மெல்லத் தேய்ந்து அடங்கும் அல்லவா? சரியாக அந்த இடத்தில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் வந்து உட்கார்ந்துகொண்டது. வேறு சுருதியில் யாரோ தம்பூரா மீட்டுவது போல!

தட்டின் வரிப்பள்ளத்தில் ஊசி அதிரும்போது, கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சிறு காந்தம் கம்பிச்சுருளின் அருகே அசைகிறது. உங்கள் பாடத்தில் உள்ள மின்காந்தத் தூண்டல்தான்! பிறக்கும் மின்னழுத்தம் சுமார் 5 மில்லிவோல்ட். டார்ச் செல்லின் 1.5 வோல்ட்டில் இது முந்நூறில் ஒரு பங்கு. இதை ஏறக்குறைய 100 மடங்காக்குவது முன்பெருக்கியின் வேலை.

அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. தாழ்ந்த ஒலிகளை முழு அளவில் பதித்தால் பள்ளம் அகலமாக வளைந்து, தட்டில் இடம் போதாமல் போகும். ஆகவே பதிக்கும்போது அவற்றைக் குறைத்துவிடுகிறார்கள். கேட்கும்போது திரும்ப உயர்த்தவேண்டும். 1954இல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. முறைப்படி, 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட 50 ஹெர்ட்ஸ் ஒலி 7 மடங்கு அதிகம் பெருக்கப்படும். நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் என்ன? அதே 50 ஹெர்ட்ஸ்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெறும் 20 மைக்ரோவோல்ட் மின்சார உறுமல் உள்ளே நுழைந்தால், 700 மடங்காகி 14 மில்லிவோல்ட்டாக வெளிவரும். இசையோ 500 மில்லிவோல்ட். இசை முப்பத்தைந்தில் ஒரு பங்காக அடங்கும்போது இரண்டும் சமம். தாழ்ந்த ஒலியில் நம் காது சற்று மந்தம் என்பதால் ஓரளவு தப்பிக்கிறோம்.

வால்வு என்றதும் பலர் அஞ்சுவது 'உஸ்' என்ற இரைச்சலுக்குத்தான். எலெக்ட்ரான்கள் தனித்தனியாக வந்து விழுவதால் அது எழுகிறது. தகரக் கூரையில் மழை விழுவது போல. ஷாட்கி இதை 1918இல் விளக்கினார். ஆனால் பரவலாகப் பயன்படும் 12ஏஎக்ஸ்7 வால்வு நல்ல நிலையில் இருந்தால், அதன் இரைச்சல் சுமார் 1,600 ஓம் மின்தடையில் வெப்பத்தால் எழும் இரைச்சலுக்கு ஈடு. அது ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு! ஆகவே என் கருத்தில், 'உஸ்'ஸைவிட 'ம்ம்'மைத்தான் கவனிக்கவேண்டும்.

விளம்பரத்தாளில் "இரைச்சல் 70 டெசிபல் கீழே" என்று இருக்கும். எத்தனை மில்லிவோல்ட் இசையை ஒப்பிட்டு என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. பக்கத்தில் 'ஏ-வெயிட்டட்' என்று இருந்தால் இன்னும் கவனம் தேவை. காதின் இயல்பைப் பின்பற்றும் அந்த அளவை, 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபல், அதாவது முப்பதில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைத்துக் காட்டும். உறுமல் தாளில் மறைந்துவிடும், வீட்டில் மறையாது.

கடையில் ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டுங்கள். உட்காரும் இடத்தில் உறுமல் கேட்டால் வேண்டாம். பெட்டியை விரலால் மெல்லத் தட்டுங்கள். 'ணங்' என்று ஸ்பீக்கரில் ஒலித்தால், வால்வின் உட்பாகங்கள் அதிர்கின்றன என்று பொருள். வால்வின் இழையைச் சூடாக்க நேர்மின்சாரம் தருகிறார்களா, டிரான்ஸ்பார்மர் தனிப் பெட்டியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மூடியை மட்டும் திறக்கவேண்டாம். உள்ளே 250 வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம். சுவிட்சை அணைத்த பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும்.

என் பெட்டியில் இழைக்கு மாறுமின்சாரமே போய்க்கொண்டிருந்தது. அனுபவமுள்ள ரேடியோ மெக்கானிக் ஒருவர் அதை நேர்மின்சாரமாக மாற்றித் தந்தார். இப்போது வீணையின் நாதம் அடங்கும் இடத்தில் கேட்பது, பழைய தட்டின் கீறல் சத்தம் மட்டும்தான்.